நாடக நோட்டீஸும் வாசிப்புதான்

வாசகர் கேள்வி – பதில்

(கோடை விடுமுறையில் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில். பதில் எழுதுபவர், காரைக்குடிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: காரைக்குடியில் ஓர் ஆச்சி வீட்டில் சமையலுக்கும் மேல்வேலைக்கும் போகிறேன். மகன் ஏழாவது, மகள் நான்காவது. இருவரும் அரசுப் பள்ளி. எனக்கு எழுதப் படிக்க வராது. இந்தக் கடிதத்தையும் மகன்தான் எழுதுகிறான். பள்ளியை மூடிவிட்டால் இரண்டு பேரும் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. படிக்கத் தெரியாத நான் அவர்களை எப்படிப் படிக்க வைப்பது?
– ஒரு தாய், காரைக்குடி

முதலில் கடிதம் எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை. உன்னைப் பற்றிய புகாரை நீயே, ஒரு சொல்லையும் மழுப்பாமல் எழுதி அனுப்பியிருக்கிறாய். நேர்மையான ஆள். கையெழுத்தும் அழகு.

அம்மா, உங்களுக்கு எழுத்து தெரியாதது இதற்குத் தடையே இல்லை. பல வீடுகளில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அது ஒரு வசதியும்கூட. படித்த தாய் என்ன செய்வாள்? பிள்ளை ஒரு வரியில் தடுமாறியதும் ‘ழகரத்தைச் சரியாகச் சொல்’ என்று குறுக்கே விழுவாள். இரண்டு முறை திட்டு வாங்கிய பிள்ளை மூன்றாம் முறை புத்தகத்தை எடுக்காது. உங்களால் திருத்த முடியாது, கதை கேட்க மட்டுமே முடியும். பிள்ளைக்குத் தேவையும் அதுதான். இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று கேளுங்கள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள். அவள் திரும்பிப் போய்ப் பார்த்துத் தன் வார்த்தையில் உங்களுக்கு விளக்குவாள். பள்ளியில் எவ்வளவு பாடுபட்டாலும் எளிதில் வராத பயிற்சி அது.

எதை வாசிப்பது என்று கேட்பீர்கள். புத்தகம் வாங்கக் காசு வேண்டாம். இது திருவிழாக் காலம். நம் பக்கத்துக் கிராமங்களில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ‘வள்ளி திருமணம்’ நாடக நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ரோஸ் நிறத்திலோ மஞ்சளிலோ மெல்லிய தாள். மேலே சாமி பெயர், அதன் கீழே ஊரும் தேதியும் ‘இரவு 10 மணியளவில்’ என்ற வரியும். பிறகு வட்ட வட்டமாக முகங்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம். ஒவ்வொரு முகத்துக்கும் மூச்சு முட்டும் அளவுக்குப் பட்டங்கள். அடியில் ‘இப்படிக்கு விழாக் குழுவினர்’ என்று முடியும்.

எங்கள் நூலகத்துக்கு ஒரு சிறுமி வருவாள். பாடப் புத்தகத்தைத் திறந்தால் நான்கெழுத்துச் சொல்லுக்கே திக்குவாள். ஒருநாள் அப்படி ஒரு நோட்டீஸை எட்டாக மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். மேசைமேல் விரித்து, வியர்வையில் ஒட்டியிருந்த மடிப்புகளை நகத்தால் பிரித்து, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தாள். ‘இன்னிசை’யைத் தாண்டி ‘வேந்தர்’ வந்தபோது கொம்பும் ‘ந்’தும் தடுக்கின. பின்வாங்கி மறுபடி ஓடிவந்து தாண்டினாள். மிருதங்கம் என்று போட்டிருந்த இடத்தில் விரல் நின்றது. அது அவளுடைய சித்தப்பா பெயர். அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் அத்தனையையும் படித்திருக்கிறாள். நான் கையில் கொடுத்த எந்தப் புத்தகமும் அவளை அந்தப் பாடு படுத்தியதில்லை.

ஆச்சி வீட்டில் பழைய பேப்பர்காரருக்காகக் கட்டி வைத்திருக்கும் தாள் கட்டுக்குள், நாளிதழோடு வரும் சிறுவர் இணைப்புகள் கிடக்கும். எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கேட்டுப் பாருங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். மகனை வாசிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தங்கைக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பை அவனிடம் விட்டுவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் பெரிய மனிதன் ஆக ஒரு சாக்கு வேண்டும்.

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். விடுமுறையில் பிள்ளைகள் படிக்க நூலகப் புத்தகங்களைக் கொடுத்தனுப்பலாம் என்று ஆசை. ஆனால் எல்லாம் பதிவேட்டில் உள்ளவை. தொலைந்தால், கிழிந்தால் யார் பதில் சொல்வது? தலைமையாசிரியர் தயங்குகிறார். எனக்கும் பயம்தான்.
– ஓர் ஆசிரியை, தேவகோட்டை வட்டாரம்

பயம் நியாயமானது. தணிக்கைக்கு வருபவர் பிள்ளை எத்தனை கதை படித்தது என்று கேட்க மாட்டார், புத்தகம் எத்தனை இருக்கிறது என்றுதான் எண்ணுவார். ஆனால் ஏப்ரல் கடைசியில் பீரோவைப் பூட்டி, சாவியை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போனால் ஜூனில் திறக்கும்போது எண்ணிக்கை சரியாக இருக்கும், அவ்வளவுதான். சில சமயம் அதுவும் இருக்காது. கரையான் பதிவேடு பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ரிச்சர்ட் அலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற இரண்டு கல்வியாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த 17 தொடக்கப் பள்ளிகள். விடுமுறைக்கு முன்பு ஒரு புத்தகக் கண்காட்சி வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த 12 புத்தகங்களைத் தானே தேர்ந்தெடுத்து வீட்டுக்கு எடுத்துப்போக விட்டார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை. மூன்று கோடைகள் இப்படிச் செய்த பிறகு, புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்புத் தேர்வில் மேலே இருந்தார்கள். மிகவும் ஏழைப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் விழுந்து விழுந்து எடுத்தவை என்ன தெரியுமா? பெரிய இலக்கியம் எதுவும் இல்லை. பாட்டுக்காரர்கள், தொலைக்காட்சியில் வரும் முகங்கள் பற்றிய புத்தகங்கள். நம் ஊரில் அப்படி ஒரு பிள்ளை எடுத்தால் கையிலிருந்து பிடுங்கி நீதிக்கதையைத் திணித்திருப்போம்.

உங்கள் சிக்கலுக்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. பதிவேட்டுப் புத்தகங்களை அப்படியே விடுங்கள். ஊரில் பிடித்தமான பெரியவர்களிடமும் பழைய மாணவர்களிடமும் கேட்டு, மெல்லிய கதைப் புத்தகங்களாகத் தனியே ஒரு கட்டுச் சேருங்கள். அன்பளிப்பு, சுற்றுக்கு மட்டும் என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 2023-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளியிலும் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள். விலை உயர்ந்த தடிப் புத்தகங்கள் இல்லை, கைக்கு அடக்கமானவை. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களின் பழைய பிரதிகள் மூலையில் அடுக்கிக் கிடந்தால் அவற்றையும் எடுங்கள்.

கடைசி வேலை நாட்களில் ஒருநாள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள். வகுப்பு வாரியாகப் பிரிக்க வேண்டாம். எட்டாம் வகுப்புப் பையன் ‘நட’ நிலைப் புத்தகத்தை எடுத்தால் ஏளனமாகப் பார்க்காதீர்கள். அவனுக்கு அதுதான் ஓடுகிறது என்று அர்த்தம். தன் தம்பிக்கு என்று சொல்லி எடுப்பான், நீங்களும் நம்பியதாகக் காட்டிக்கொள்ளுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் வெவ்வேறு புத்தகம் எடுக்கும்படி பார்த்துக்கொண்டால், மே மாதம் முழுக்க அவர்களே மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெண் பிள்ளையிடம் நோட்டைக் கொடுங்கள். யாரிடம் எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் எதுவும் நகராது. படித்ததற்குச் சுருக்கம் எழுதி வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நிமிடமே கதைப் புத்தகம் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

சில கிழியும், சில தொலையும். கிழிந்தவற்றை மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவது ஜூன் முதல் வாரத்தில் பிள்ளைகளுக்கு நல்ல வேலை.

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பங்கு வீடு வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. நான் இருப்பது சிங்கப்பூர். அப்பச்சி சேர்த்த புத்தகங்கள் மூன்று அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாமா?
– ஒரு நகரத்தார் வாசகர்

கொடுக்க வேண்டாம்.

உங்கள் நல்ல மனத்தைக் குறை சொல்லவில்லை. அப்பச்சி சேர்த்தவை பெரும்பாலும் சைவ நூல்கள், தலபுராணங்கள், விழா மலர்கள், பர்மாவிலோ மலாயாவிலோ அச்சான சிறு வெளியீடுகளாக இருக்கும். அவற்றின் மதிப்பு வேறு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, அப்படிப்பட்ட அச்சுத்தாள்களைத்தான் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்தார். புத்தகம், இதழ், கல்யாண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் எதையும் விட்டதில்லை. அவர் 1992-இல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி விட்டது. அதை வைத்து 1994-இல் அவர் பெயரிலேயே உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது. உங்கள் மூன்று அலமாரியை முதலில் அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளோடு பழம்பொருளாக நிறுத்து விற்றுவிடாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அதற்கும் பயனில்லை, புத்தகத்துக்கும் ஆயுள் இல்லை.

பிள்ளைகளுக்கு வேண்டியது உங்கள் புத்தகமல்ல, உங்கள் வீட்டு முகப்பு. கத்திரி வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் பகலில் உட்கார முடியாது. அங்கிருந்து நாலு தெரு தள்ளி, சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையுமாக உங்கள் வீடு யாருமில்லாமல் குளிர்ந்து கிடக்கிறது. பங்காளிகளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, காலையில் இரண்டு மணி நேரம் முகப்பை மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். வீட்டின் உட்பகுதியான வளவுக்குள் யாரும் வர வேண்டியதில்லை. ஒரு மின்விசிறி, ஒரு பானைத் தண்ணீர். வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மனைவிக்கோ மகளுக்கோ தனியாகச் சம்பளம் கொடுத்து அந்த இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். தருமத்துக்கு வேலை வாங்காதீர்கள்.

புத்தகம் புதிதாக வாங்குங்கள். பெரிய எழுத்து, படம், இருபது முப்பது பக்கம். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டும் 1957-இல் தொடங்கியவை. இன்றும் குறைந்த விலையில் போடுகிறார்கள். நீங்கள் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் விமான டிக்கெட் காசில் ஒரு தெருவுக்கே வாங்கலாம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த இராயவரம் உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரமில்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதியவர். அவருடைய பாட்டுப் புத்தகம் இல்லாமல் நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு என்று ஓர் அலமாரியா?

ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். பெரிய வீட்டுப் படியில் ஏறக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும், வந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். புத்தகங்களைத் தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரித் திண்ணையில் கயிறு கட்டித் தொங்க விடுங்கள். முதல் வாரம் அந்தத் தெருக்களுக்கே ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, பிளெக்ஸ் பேனர் எதுவும் வேண்டாம். பேனர் பார்த்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: ஒன்றரை மாதம் படிக்காவிட்டால் குடியா முழுகிவிடும்? நாங்கள் எல்லாம் கண்மாயில் நீந்தி, மாங்காய் அடித்துத்தான் வளர்ந்தோம். இப்போது பொறியியல் படிக்கிறேன்.
– கல்லூரி மாணவர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

நீந்தட்டும், மாங்காயும் அடிக்கட்டும். யார் தடுத்தார்கள்?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துப் பிள்ளைகளை 1982 முதல் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறினார்கள். விடுமுறையில்தான் இடைவெளி விழுந்தது. பள்ளி என்பது குழாய், திறந்திருக்கும்போது எல்லார் குடத்திலும் தண்ணீர் விழும், மூடினால் சொந்தக் கிணறு உள்ள வீட்டுக்கு மட்டும்தான் தண்ணீர் என்று அந்த ஆய்வாளர்களின் வாதத்தை நம் பாணியில் சொல்லலாம். பின்னால் வந்த சிலர், பழைய தேர்வுகளின் மதிப்பெண் முறை அந்த இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டியது, எல்லா இடத்திலும் அது அப்படித் தெரியவில்லை என்று மறுத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளி விடுமுறை நம்முடையதைவிட நீளமும்கூட. அந்தக் கணக்கைச் சிவகங்கைச் சீமைக்கு அப்படியே ஒட்டவைக்க நான் தயாரில்லை.

கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஜூனில் நூலகத்துக்கு வரும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் வீட்டில் ஒரு துண்டு அச்சுத்தாள்கூட இல்லாதவர்களைக் கேட்டுக்கொண்டே அடையாளம் காணலாம். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பும். ‘கொடி’ ‘கோடி’ ஆகும். மார்ச்சில் ஓடிய வாய் மறுபடி எழுத்துக் கூட்டும். பெரிய வகுப்புக்குப் போனால் இது தானாகச் சரியாகும் என்று இல்லை. வகுப்பு காத்திருக்காது. உங்கள் வீட்டில் நாளிதழ் வந்ததா? அண்ணனோ அக்காவோ படித்தார்களா? கண்மாயிலிருந்து கரையேறி வந்தபின் உங்களுக்குக் கிடைத்த கிணற்றை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன். பையனுக்கு 13 வயது. விடுமுறையில் என்னோடு பட்டறைக்கு வந்தால் நாலு காசு கிடைக்கும். இதில் புத்தகத்துக்கு எங்கே நேரம்?
– ஒரு தந்தை

ஐயா, 14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். மாட்டுவது பட்டறைக்காரர் மட்டுமல்ல, விரல் இடுக்கில் சிமென்ட் அரிப்பது உங்கள் பிள்ளைக்குத்தான். அந்த நாலு காசுக்கு என்ன அவசரம் என்று வசதியாக உட்கார்ந்து கேட்க எனக்கு உரிமையில்லை, ஆனாலும் வேண்டாம். உங்களுக்குச் சோறு கொண்டுவரட்டும், உட்கார்ந்து பார்க்கட்டும். கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றுவது, மேலே மணலும் சிமென்டும் தூவுவது, காய்ந்ததும் தண்ணீரில் போடுவது எல்லாவற்றையும் நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரவில் அதை உங்களுக்கே வாசித்துக் காட்டட்டும். தப்பாக எழுதியிருந்தால் திருத்த உங்களைவிட்டால் ஆளில்லை.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு. எனக்குப் பேய்க் கதைதான் பிடிக்கும். அதெல்லாம் படித்தால் அறிவு வளராது என்று அண்ணன் சொல்கிறான். சரியா?
– ஒரு மாணவி, கண்டனூர்

படி ஆத்தா. பயந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு படி. அண்ணன் கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று அவனிடம் கேள்.

கேள்வி: வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அதுவும் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விட்டு இரவுதான் வரும். அதில் கதை படிக்க வைக்கலாமா?
– இல்லத்தரசி, புதுவயல்

வைக்கலாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன, நிலை வாரியாகப் பிரித்தும் இருக்கிறார்கள். ஒன்றைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு இன்டர்நெட்டை அணைத்துவிட்டுக் கொடுங்கள். அணைக்காமல் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே பிள்ளை ரீல்ஸுக்குப் போய்விடும், அப்பாவும் கூடவே போவார். ஒரு கதை முடிந்ததும் போனை வாங்கிவிடுங்கள். பிள்ளைக்கு மிகவும் பிடித்த கதையை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து நூல் கோத்துக் கொடுத்தால் பகலுக்கும் ஆகும்.

கேள்வி: பேத்தியை எங்கள் பக்கத்து நூலகத்துக்கு அனுப்பினேன். செருப்பில்லாமல் போனாளாம். மேலும் கீழும் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்களாம். அழுதுகொண்டு வந்தாள். இனி எப்படி அனுப்புவது?
– ஓர் அப்பத்தா, அரிசி ஆலைத் தொழிலாளி

எனக்கு இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அப்படி விரட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி ஊரில் வசூலாகும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. வாடகை வீடு என்றால், வீட்டின் சொந்தக்காரர் வாடகையில் அதையும் சேர்த்துத்தான் உங்களிடம் வாங்குகிறார். ஆகவே அந்த மேசை நாற்காலியில் உங்கள் பணமும் இருக்கிறது.

இந்த முறை நீங்களே கூடப் போங்கள். இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சேர்த்து அழைத்துப் போனால் இன்னும் நல்லது. உள்ளே போய் ‘பிள்ளைக்கு உறுப்பினர் அட்டை வேண்டும், படிவம் கொடுங்கள்’ என்று கேளுங்கள். வைப்புத் தொகை சிறியதுதான். என்ன நகல் வைக்க வேண்டும், யார் கையெழுத்து வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் நூலகரிடமே நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். அட்டை வரும்வரை உள்ளே உட்கார்ந்து படிக்க எந்த அட்டையும் தேவையில்லை. மறுபடி மறுத்தால், அந்த நூலகத்தின் பெயரைக் குறிப்பிட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு தபால் எழுதச் சொல்லுங்கள். பேத்தியே எழுதட்டும்.

நடுப்பகலில் மூடியிருக்கும், மாலையில் போங்கள். வெள்ளிக்கிழமை போய் வெயிலில் நிற்காதீர்கள், அன்று விடுமுறை.